முதியோர் இல்லங்களில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: ஓர் எளிய விளக்கம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. பெருநகரத்திலிருந்து வெகு தொலைவில், நாற்பது பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் என்று வைத்துக்கொள்வோம். 84 வயதுப் பாட்டி ஒருவர் காலையிலிருந்து தெளிவாகப் பேசவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். சிறுநீர் கலங்கலாக, வாடையோடு இருக்கிறது. நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்கிறார். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் இந்த இல்லத்துக்கு வருவார், இப்போது வேறு ஊரில் இருக்கிறார். பரிசோதனைக்கூடம் அதைவிடத் தொலைவு. இன்று மாதிரி அனுப்பினாலும் திங்கட்கிழமைக்கு முன் பதில் வராது. "சிறுநீர்த் தொற்றாக இருக்கும், ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிடுங்கள்" என்கிறார் டாக்டர். ஏதோ செய்துவிட்டோம் என்று எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி.

இந்தக் காட்சியில் கெட்டவர் யாரும் இல்லை. நர்ஸுக்குப் பாட்டியின் மேல் அக்கறை. டாக்டருக்கு, எதையாவது தவறவிட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஆனாலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இத்தகைய மாலைப்பொழுதுகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. பக்கத்தில் டாக்டர் இல்லை, பரிசோதனைக்கூடம் இல்லை, போதுமான ஆட்கள் இல்லை. இந்த 'இல்லை'களை எல்லாம் ஒரு மாத்திரையால் நிரப்பப் பார்க்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். அடிப்படையிலிருந்து வருகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'நர்சிங் ஹோம்' என்றதும் நம்மில் பலருக்குச் சின்னத் தனியார் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. தானாகக் குளிக்கவோ நடக்கவோ முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கி, நர்ஸ்கள், உதவியாளர்கள் துணையோடு வாழும் இடத்தைப் பற்றி. அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு. அதை மறந்துவிட்டு மருத்துவமனை விதிகளை அப்படியே கொண்டுபோய் அங்கே பொருத்தினால் என்ன ஆகும் என்று பின்னால் பார்ப்போம்.

பாக்டீரியா மருந்தை எப்படி மீறுகிறது?

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்கிற, அல்லது பெருகவிடாமல் தடுக்கிற மருந்து. ஜலதோஷம், ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களில் அது எதுவும் செய்யாது. ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் பாக்டீரியாவின் ஏதோ ஒரு குறிப்பிட்ட பாகத்தைத் தாக்குகிறது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. வேறு சில, அது புரதம் தயாரிப்பதை நிறுத்துகின்றன. இன்னும் சில, அதன் மரபணுவை நகலெடுக்கும் வேலையைக் கெடுக்கின்றன.

"அவருக்கு மருந்து பழகிவிட்டது, அதனால்தான் வேலை செய்யவில்லை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழகுவது மனித உடம்பு இல்லை. மாறியிருப்பது பாக்டீரியா. இது ஏதோ சொல் விளையாட்டு போலத் தோன்றலாம், ஆனால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. உடம்பு பழகியிருந்தால் பிரச்சினை அந்த ஒருவரோடு நின்றுவிடும். பாக்டீரியா மாறியிருந்தால், அது அடுத்த கட்டிலுக்கும் போகும். வாழ்க்கையில் ஆன்டிபயாடிக்கே சாப்பிடாதவரையும் அது பிடிக்கும்.

மாறுவது எப்படி? நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா, வசதியான சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இந்த வேகத்தில் பெருகும்போது மரபணுவை நகலெடுப்பதில் பிழைகள் வரும். பெரும்பாலான பிழைகளால் எந்தப் பயனும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் வழியாக அமைந்துவிடும். மருந்து இல்லாத இடத்தில் அந்தப் பாக்டீரியாவும் கூட்டத்தில் ஒன்றுதான். மருந்து உள்ளே வந்ததும் சுற்றியிருப்பவை சாகின்றன; இடமும் உணவும் மொத்தமாக இதற்கே கிடைக்கின்றன. தோட்டத்தில் செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டுக் களையை மட்டும் விட்டுவைத்த மாதிரி. எதிர்ப்பு பெரும்பாலும் ஏற்கெனவே எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடுவதுதான் மருந்தின் பங்கு.

பிழை மட்டுமே ஒரே வழி என்றால்கூடப் பரவாயில்லை. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்கின்றன. பிளாஸ்மிட் என்று ஒரு சிறிய வளையம். அதில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுக்கும், வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். அதனால்தான் ஒரு மருந்தை அளவுக்குமேல் பயன்படுத்தினால், நாம் தொடாத இன்னொரு மருந்தும் கூடவே கையைவிட்டுப் போகிறது.

தப்பிக்கும் உத்திகள் பல. மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது ஒன்று. பென்சிலினை உடைக்கும் அப்படியொரு நொதியை எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் 1940-லேயே கண்டு எழுதிவிட்டார்கள், அதாவது பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டுவது இன்னொன்று. மருந்து தாக்கும் பாகத்தையே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது மூன்றாவது, எம்.ஆர்.எஸ்.ஏ. என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பாக்டீரியா செய்வது இதைத்தான். தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பென்சிலினுக்கு அடங்காமல் போனபோது, அதைச் சமாளிக்க மெதிசிலின் என்ற மருந்து 1959-ல் வந்தது. அதற்கும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., 1961-ல் பிரிட்டனில் பதிவாகிவிட்டது. இரண்டே ஆண்டுகள்!

எச்சரிக்கை இல்லாமல் இது வந்துவிடவில்லை. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் பாக்டீரியா அதற்கு எதிராகப் பழகிவிடும் என்று சொன்னார். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. எதிர்ப்புள்ள தொற்றோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம்.

சுமப்பது வேறு, நோய் வேறு

ஆரம்பநிலை வாசகர் ஒருவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால், இந்தப் பகுதியை எடுத்துப் போகச் சொல்வேன்.

ஒருவர் உடம்பில் எதிர்ப்புள்ள பாக்டீரியா இருப்பதும், அதனால் அவர் நோயாளியாக இருப்பதும் ஒன்றல்ல. மூக்கின் உள்பக்கம், தோல் மடிப்புகள், குடல், ஆறாத புண்ணின் மேற்பரப்பு ஆகிய இடங்களில் அது சும்மா குடியிருக்கலாம். மாதக்கணக்கில் இருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவரைச் 'சுமப்பவர்' என்று சொல்லலாம். குடியிருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ சிறுநீரகத்துக்குள்ளோ புகுந்து, உடம்பு அதை எதிர்த்துப் போராடத் தொடங்கும்போதுதான் அது தொற்று. சிகிச்சை தேவைப்படுவது அப்போதுதான்.

அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களின் மூக்கு, தோல் போன்ற இடங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது, சுமார் 65 சதவீதம் பேர் பல மருந்துகளுக்கு அடங்காத ஏதோ ஒரு பாக்டீரியாவைச் சுமந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலரைப் பற்றி அந்த இல்லத்துக்கே தெரியாது, ஏனென்றால் யாரும் அதுவரை தேடிப் பார்க்கவில்லை. ஆக, "எங்கள் இல்லத்தில் அப்படி யாரும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அதன் பொருள், பரிசோதனை செய்யவில்லை என்பதுதான்.

இல்லங்களில் இது சேர்வதற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வயதில் நோய் எதிர்ப்பு குறைகிறது. படுக்கைப்புண் வருகிறது. சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் பொருத்தப்படுகின்றன. அந்தக் குழாய்களின் மேல் பாக்டீரியா வழுவழுப்பான ஒரு படலமாகப் படிந்து, மருந்து எளிதில் எட்டாத இடத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரே உதவியாளர் காலையில் பத்துப் பேரைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, தூக்கி உட்கார வைக்கிறார். அவர் கைகள் பத்து உடம்புகளையும் இணைக்கின்றன. அப்புறம் மருந்து. பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஓர் ஆண்டில் ஒருமுறையாவது ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் 40 முதல் 75 சதவீதம் வரை தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம் என்றும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், பத்தில் நான்கு.

தூரம் என்ன செய்கிறது?

நகரத்துக்குள் இருக்கும் இல்லத்துக்கும் இந்தப் பிரச்சினைகள் எல்லாம் உண்டு. தள்ளி இருக்கும் இல்லத்தில் இவற்றோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சிறுநீர் மாதிரியின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் புரியும்.

சிறுநீர் மாதிரியை எடுத்தபின், சாதாரண அறை வெப்பத்தில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடத்தில் கையாள வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அதுவும் ஒரு நாளுக்குள். அல்லது பாக்டீரியா பெருகாமல் நிறுத்திவைக்கும் போரிக் அமிலம் கலந்த குப்பியில் எடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி? 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் உயிர் என்று மேலே சொன்னேனே, அதை நினைத்துப் பாருங்கள். தோலிலிருந்து தவறி விழுந்த நான்கைந்து பாக்டீரியாக்கள், வெயிலில் நிற்கும் வண்டியில் நாலு மணி நேரம் பயணம் செய்தால், போய்ச் சேரும்போது பெரும்கூட்டமாகிவிடும். அறிக்கையில் "அதிக வளர்ச்சி" என்று வரும். பாட்டியின் சிறுநீர்ப்பையில் நடக்காத ஒன்று, குப்பிக்குள் வழியில் நடந்திருக்கும். அதற்குச் சிகிச்சை பாட்டிக்கு.

சரி, மாதிரி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது என்றால்? பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இது நகரத்திலும் அப்படித்தான். தொலைவில் இருக்கும் இல்லத்துக்குப் போகவும் வரவும் ஆகும் நேரமும் வாரயிறுதியும் கூடச் சேர்கின்றன. பதில் வருவதற்குள் மருந்து பாதி முடிந்திருக்கும். எந்த பாக்டீரியா என்று தெரியாததால், பலவகைப் பாக்டீரியாவையும் அடிக்கும் வலுவான மருந்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அறிக்கை வந்தபின், "ஓ, எளிய மருந்தே போதுமாயிருந்ததே" என்று தெரிந்தாலும், அதைப் பார்த்து மருந்தை மாற்ற அன்று டாக்டர் இருக்க மாட்டார். அறிக்கை கோப்பில் போய்விடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசிக் கட்டம்தான். அத்தனை தூரம் போய் வந்த பதில், யாரும் படிக்காமல் கிடக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வட்டாரத்தில் எந்த பாக்டீரியா எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்குகிறது என்று ஓர் ஆண்டு அறிக்கைகளைத் தொகுத்து ஓர் அட்டவணை போடுவார்கள். 'ஆன்டிபயோகிராம்' என்று பெயர். அது கையில் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைப் போனில் டாக்டர் குருட்டாம்போக்கில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு நம்பத் தகுந்ததாக இருக்க, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் குறைந்தது 30 மாதிரிகளாவது வேண்டும் என்பது பொதுவான விதி. நாற்பது பேர் இருக்கும் இல்லத்தில் ஓராண்டில் ஏழெட்டு ஈ.கோலை கிடைத்தால் பெரிது. இதற்கு வழி இல்லாமல் இல்லை: இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்க்கலாம், பக்கத்து இல்லங்களோடு ஒன்றாகத் தொகுக்கலாம், நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையின் அட்டவணையைக் கேட்டு வாங்கலாம். கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

அங்கேதான் ஆள்பற்றாக்குறை வருகிறது. பெரிய மருத்துவமனையில் தொற்றுத்தடுப்புக்கென்றே ஒரு குழு இருக்கும். சிறிய இல்லத்தில் அந்தப் பொறுப்பு ஒரு நர்ஸின் தலையில்; அதே நர்ஸ்தான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார், பணி அட்டவணை போடுகிறார், ஆள் வராத நாளில் மருந்து வண்டியையும் தள்ளுகிறார். அவரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை.

மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் இடையே நடக்கும் போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து பெரிய மருத்துவமனைக்குப் போகிற ஒருவர், பத்து நாள் கழித்துத் திரும்பும்போது அங்கிருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவைக் குடலில் சுமந்து வரலாம். மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்துக்கு அது தெரிந்துகூட இருக்கலாம். ஆனால் அவரோடு வருகிற காகிதத்தில் எலும்பைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும், பாக்டீரியாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒரு வரிக்குச் செலவில்லை. இருந்தாலும் அது விடுபட்டுப் போகிறது.

சிறுநீர் என்கிற பெரும் குழப்பம்

இல்லங்களில் ஆன்டிபயாடிக் வீணாகும் இடங்களில் முதன்மையானது சிறுநீர். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சிறுநீரில் பாக்டீரியா இருந்தால் தொற்று என்று நினைப்பது இயல்பு. இளம் வயதில், எரிச்சலும் வலியுமாக ஒருவர் வந்தால் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். முதியோர் இல்லத்தில் கதை வேறு. நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். சிறுநீர்க் குழாய் ஒரு மாதம் உள்ளே இருந்தால், அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். ஆகவே அங்கே யாருடைய சிறுநீரைச் சோதித்தாலும் பாக்டீரியா கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அவருக்கு அன்று வந்திருப்பது மலச்சிக்கலாகவே இருந்தாலும்.

கலங்கலும் வாடையும் என்னவாம்? தண்ணீர் குறைவாகக் குடித்தாலே சிறுநீர் அடர்த்தியாகி வாடை வரும். சில மருந்துகளாலும் வரும். அவை தனியாகத் தொற்றின் அடையாளம் அல்ல. சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கும் எளிய பரிசோதனையும் ஒருபக்கமாகத்தான் உதவும். அது எதுவும் காட்டாவிட்டால் சிறுநீர்த் தொற்று அநேகமாக இல்லை என்று நம்பலாம். நிறம் மாறினால் அதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

திடீர்க் குழப்பம், பேச்சு மாறுவது? இதுதான் கஷ்டமான கேள்வி. பல ஆண்டுகளாக "முதியவர் குழம்பினால் சிறுநீரைப் பார்" என்பது ஒரு பழக்கமாகவே இருந்தது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் திருத்துகிறது: காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சிறுநீர் கழிக்கும்போது புதிதாக எரிச்சலோ வலியோ இல்லை என்றால், சிறுநீரில் பாக்டீரியா இருந்தாலும் உடனே ஆன்டிபயாடிக் வேண்டாம், வேறு காரணங்களைத் தேடுங்கள், கவனமாகப் பாருங்கள் என்கிறது. காரணங்கள் நிறைய இருக்கும். நீர்ச்சத்து குறைவு, மலச்சிக்கல், நேற்று புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, சொல்லத் தெரியாத வலி, தூங்காத இரவு, காணாமல் போன காது கேட்கும் கருவி. ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் இந்தத் தேடல் நின்றுபோகிறது. மலச்சிக்கலோடு இருக்கும் பாட்டி, மலச்சிக்கலோடும் ஆன்டிபயாடிக்கோடும் இருப்பார்.

"கொடுத்தால் என்ன, ஒன்றும் ஆகாதே" என்று தோன்றலாம். ஆகும். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. அந்தக் காலியிடத்தில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், முதியவர்களில் உயிரையே எடுக்கும் அளவுக்கு. சில ஆன்டிபயாடிக்குகள் மற்ற மருந்துகளோடு மோதும், சில தசைநார்களையோ சிறுநீரகத்தையோ பாதிக்கும். பின்னொரு நாள் உண்மையான தொற்று வரும்போது, வேலை செய்யும் மருந்து மிச்சமிருக்காது.

அப்படியானால் எப்போது கொடுப்பது? கனடாவின் தொற்றுநோய் மருத்துவர் மார்க் லோப் தலைமையில் 2001-ல் வெளியான குறைந்தபட்ச விதிகள் இன்றும் பல இல்லங்களில் வழிகாட்டுகின்றன. சிறுநீர்க் குழாய் இல்லாதவருக்கு, புதிதாகச் சிறுநீர் கழிக்கும்போது வலி இருந்தால் அதுவே போதும். அல்லது 37.9 டிகிரி செல்சியஸுக்கு மேல், இல்லாவிட்டால் அவருடைய வழக்கமான அளவைவிட 1.5 டிகிரி கூடுதலாகக் காய்ச்சல் இருந்து, அதோடு அடிக்கடி அவசரமாகப் போக வேண்டிய நிலை, அடிவயிற்று வலி, சிறுநீரில் ரத்தம், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி, புதிதாகக் கட்டுப்பாடு இழப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். குழாய் உள்ளவருக்கு விதி வேறு: காய்ச்சல், குளிர்நடுக்கம், புதிய முதுகுப்பக்க வலி, புதிதாக வந்த குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே தொடங்கலாம்.

இதைக் கடைப்பிடித்தால் ஆபத்து வருமா என்று சோதித்தும் பார்த்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் ஐடஹோவிலுமாக 24 இல்லங்கள். 2005-ல் முடிவு வெளியானது. விதிகளைப் பயன்படுத்திய இல்லங்களில், சிறுநீர்த் தொற்று சந்தேகத்துக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக் ஆயிரம் தங்கல்நாளுக்கு (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு தங்கல்நாள்) 1.17 தடவை, மற்ற இல்லங்களில் 1.59. மருத்துவமனைக்குப் போனவர்களின் எண்ணிக்கையிலோ மரணங்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. சுவரில் ஒட்டக்கூடிய ஒரு படிநிலைப் படமும் கொஞ்சம் பயிற்சியும்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வேகமான மூச்சு, ரத்த அழுத்தம் இறங்குவது, குளிர்நடுக்கம், எழுப்ப முடியாத மயக்கம் போன்றவை தெரிந்தால் அது காத்திருக்கும் நேரம் இல்லை. ரத்தத்தில் தொற்று பரவும்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்போது உடனே மருத்துவமனை, உடனே ஆன்டிபயாடிக். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அந்த மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கை, கவுன், தண்ணீர்த் தொட்டி

பரவலைத் தடுப்பதில் இன்றும் முதலிடம் கைகளுக்குத்தான். ஒருவரைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சாராயம் கலந்த கைத்திரவம் தேய்ப்பது பெரும்பாலான பாக்டீரியாவுக்குப் போதும். மேலே சொன்ன டிஃபிசில் மட்டும் விதிவிலக்கு. அதன் வித்துகள் சாராயத்துக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற நினைப்பு ஆபத்தானது. ஒரே கையுறையோடு மூன்று கட்டிலுக்குப் போவதைவிட வெறும் கையைக் கழுவிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். கை கழுவும் தொட்டியின் வடிகாலிலும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தங்கியிருக்கும், ஆகவே அதன் விளிம்பில் பஞ்சையும் துணியையும் அடுக்கி வைக்கக் கூடாது.

அடுத்து, 'வீடு' என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? மருத்துவமனையில் எதிர்ப்புள்ள பாக்டீரியா இருப்பவரைத் தனி அறையில் வைத்துவிடலாம், அவர் ஐந்தாறு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இல்லத்தில் இருப்பவர் எங்கே போவார்? சுமக்கும் காலம் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். அத்தனை நாளும் அறைக்குள் அடைத்தால், கூடத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லாமல் அவர் வேறு வழியில் நோயாளியாவார். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2019-ல் முன்வைத்து, 2022-ல் விரிவாக்கிய முறை இது. 2024 ஏப்ரலிலிருந்து அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் கட்டாயம். ஆளை அடைப்பதில்லை. அவரைக் குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, தூக்கும்போது, புண்ணுக்குக் கட்டுப்போடும்போது, குழாயைக் கையாளும்போது மட்டும் உதவியாளர் கையுறையும் கவுனும் அணிகிறார். இல்லத்தில் இருப்பவர் மற்ற நேரம் கூடத்துக்கு வரலாம், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடலாம். புண்ணோ குழாயோ உள்ள எல்லோருக்கும், பரிசோதனை முடிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதையே செய்கிறார்கள். பரிசோதனைக்கூடம் தொலைவில் இருக்கும் இல்லத்துக்கு இது மிகவும் பொருத்தமானது என்பது என் எண்ணம், ஏனென்றால் யார் சுமப்பவர் என்று தெரிந்தபின்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

குளியலைக் கொண்டும் ஒரு சோதனை நடந்தது. கலிஃபோர்னியாவில் 28 இல்லங்கள், 2023-ல் முடிவு வெளியானது. பாதி இல்லங்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் எல்லோரையும் குளிப்பாட்டி, மூக்கில் அயோடின் மருந்தும் தடவினார்கள். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் தொற்றுக்காகப் போனவர்களின் பங்கு அங்கே 62.9 சதவீதத்திலிருந்து 52.2 ஆக இறங்கியது. வழக்கம்போலக் குளிப்பாட்டிய இல்லங்களில் அது ஏறக்குறைய அப்படியே நின்றது.

உறவினர் என்ன கேட்கலாம்?

உங்கள் அம்மாவோ தாத்தாவோ இப்படியோர் இல்லத்தில் இருந்தால், சண்டை போடாமலே கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. "இந்த ஆன்டிபயாடிக் எதற்காக, எத்தனை நாளுக்கு?" "கல்ச்சர் அனுப்பினீர்களா, பதில் வந்ததும் யார் பார்ப்பார்கள்?" "சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா?" இதில் மூன்றாவது கேள்வி தங்கம். அவசரத்துக்குப் போட்ட குழாய், எடுக்க யாருக்கும் ஞாபகம் வராமல் வாரக்கணக்கில் உள்ளேயே இருப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. "ஏதாவது மருந்து கொடுங்கள்" என்று உறவினர் வற்புறுத்துவதும் அந்த வெள்ளிக்கிழமைப் போனுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தங்களில் ஒன்று. தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு, அம்மாவுக்கு மருந்து போகிறது என்று கேட்டால் ஆறுதல். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் "ஒவ்வொரு நான்கு மணி நேரமும் பார்க்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடுகிறோம்" என்ற பதிலும் சிகிச்சைதான், பல நேரம் அதுவே நல்ல சிகிச்சை.

பழைய ஒவ்வாமைக் குறிப்பையும் ஒருமுறை விசாரியுங்கள். பென்சிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சோதித்துப் பார்த்தால் உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. என்றோ குழந்தைப்பருவத்தில் வந்த ஒரு தடிப்பால், எளிய மருந்தின் கதவு வாழ்நாள் முழுதும் மூடிக்கிடக்கிறது. வலுவான மருந்துகளே கொடுக்கப்படுகின்றன. இதை மருத்துவர்தான் சோதித்து நீக்க வேண்டும், நாமாக முடிவுசெய்யக் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் கேட்டு வையுங்கள். வராத நோய்க்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்பிப் போவோம். அதே பாட்டி, அதே போன். இந்தமுறை நர்ஸ் கையில் ஒரு தாள் இருக்கிறது. டாக்டரிடம் அதைப் பார்த்துச் சொல்கிறார். உடல் வெப்பம் 36.8 டிகிரி, காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம், மூச்சு, நாடி வழக்கம்போல. சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளிக்கவில்லை, அடிவயிற்றைத் தொட்டால் வலி இல்லை, குழாய் இல்லை. மூன்று நாளாக மலம் போகவில்லை. புதன்கிழமை ஒரு புது வலி மாத்திரை சேர்த்திருக்கிறது. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார், மலமிளக்கி கொடுக்கச் சொல்கிறார், மணிக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்கிறார். சிறுநீர் மாதிரி வேண்டாம். எந்தெந்த மாற்றம் வந்தால் நள்ளிரவானாலும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்கிறார். இரவு ஷிஃப்டுக்கு வந்தவர் அந்தத் தாளைக் கட்டில் தலைமாட்டில் செருகிவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டி எழுந்து உட்கார்ந்து, தன் கண்ணாடி எங்கே என்று கேட்கிறார்.